தரையில் வைத்த கேமரா

அந்தக் கேமரா என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் அந்தக் காலத்தில் யாரைக் கேட்டாலும் அது என் வீட்டுக்காரருடையது என்றுதான் சொல்லியிருப்பார்கள். கடைப் பலகையில் அவர் பெயர். பட்டணத்துப் பத்திரிகை ஆபீசில் பதிவாகியிருந்ததும் அவர் பெயர். ஆனால் அதை வாங்கிக் கொடுத்தது என்னைப் பெற்ற நைனா; எனக்காக, நான் கேட்டு.

வல்லத்துப் பக்கம் எங்கள் கொல்லையில் அந்த வருஷம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, நன்றாக விளைந்திருந்தது. மாப்பிள்ளை நிச்சயமானதும் நைனா என்னைக் கூப்பிட்டு, சங்கிலி போடட்டுமா, வளையல் போடட்டுமா என்று கேட்டார். மாப்பிள்ளை போட்டோ பிடிக்கிறவர் என்று எனக்குத் தெரியும். எங்கள் மாதா கோயில் திருவிழாவில் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றபோது பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முதுகைத்தான் பார்த்தேன். "அவருக்கு ஒரு கேமரா இருக்குது நைனா, எனக்கு ஒன்னு வேணும்" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பிறகு புதுச்சேரிக்குப் போய், சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மடக்குக் கேமரா ஒன்றை வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கழுத்தில் சங்கிலி இல்லாமல் கல்யாணப் பூசைக்குப் போன பெண் எங்கள் பங்குக் கோயிலில் நான் ஒருத்திதான். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திமிர் உண்டு.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். கடைத்தெருவில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. கூரையில் கண்ணாடி ஓடு பதித்து, அதன் வழியாக விழும் வெளிச்சத்தில்தான் படம். கல்யாண ஜோடிகளை அவர் நிற்கவைக்கிற அழகே தனி; எவ்வளவு கடுகடுப்பான மாப்பிள்ளையும் படத்தில் சாந்தமாக இருப்பான். ஆனால் அவருக்கு இளைப்பு. இருட்டறையில் படம் கழுவுகிற ஹைப்போ மருந்து வாடை பட்டாலே மார்பு விசிலடிக்கும். அதனால் கல்யாணமான புதிதிலேயே படம் பதிந்த கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவுவது என் வேலையாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் போய் எடுப்பதும் என் வேலையானது. ராஜகிரிக் கோட்டை மேலே ஏறி எடுக்க வேண்டுமென்றால் நான். தளவானூர்க் குகைக்கோயிலைப் பார்க்க யாராவது பெரிய மனிதர் வந்தால் மாட்டுவண்டியில் போவது நான். படம் எடுக்கிற பெண்ணை வேடிக்கை பார்க்க, படத்தில் இருப்பதைவிடப் பெரிய கூட்டம் கூடும். வெளிச்சத்தை மறைக்காமல் நகரச் சொல்வேன். நகராதவர்களை இன்னொரு தரம் சொல்வேன். மூன்றாவது தரம் சொல்கிற வழக்கம் எனக்கில்லை. கேமரா ஸ்டாண்டின் கால் அவர்கள் கால் மேல் நிற்கும்.

படங்களைக் காயவைத்து, அட்டையோடு கட்டி, திண்டிவனம் பஸ் டிரைவரிடம் கொடுத்தால் அவர் ரயிலில் சேர்த்துவிடுவார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பத்திரிகையில் வரும். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் எடுத்தவர் பெயரை எழுத வேண்டும். என் கையெழுத்தில் அவர் பெயரை எழுதி அனுப்புவேன். பத்திரிகைக்கு அவரைத்தான் தெரியும். ஒரே வீட்டுக்குள் உன் பெயர், என் பெயர் என்று எதற்குப் பிரிக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானம் நெல் மூட்டை வரைக்கும்தான் தாங்கியது.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. சர்க்கார் விவசாயிகளிடம் நெல்லை அளந்து வாங்கிக் கோட்டையடியில் மலைபோல் அடுக்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி வந்திருந்தார். சரிகைத் தலைப்பாகை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளுக்கு மேலே போட ஒரு கித்தான்கூட இல்லை. கடைத்தெருவில் பெண்கள் பையை வைத்துக்கொண்டு புழுத்த அரிசிக்கு வரிசையில் நிற்க, இங்கே நெல் முளைத்துக்கொண்டிருந்தது. மழை விட்ட ஒரு காலையில் நான் போய்ப் பார்த்தேன். மூட்டைகளில் விரல் நீளத்துக்குப் பச்சை நாற்று. அதன் உச்சியில் ஓர் ஆடு ஏறி நின்று, மிக நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. எடுத்தேன்.

பத்திரிகையில் படம் பெரிதாக வந்தது. செஞ்சியில் அன்றைக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. டீக்கடையில் அதைச் சுவரில் ஒட்டி, ஆட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

அதிகாரி எங்கள் கடைக்கே வந்துவிட்டார். யார் எடுத்தது என்று கேட்டார். நான் இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர், "நான்தாங்க எடுத்தேன்" என்றார். சொல்லும்போதே எனக்குக் கண்ணைக் காட்டினார், பேசாதே என்று. நெல் முளைத்ததைப் பற்றி அதிகாரி ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தின் ஓரத்தில், மூட்டைக்குப் பின்னால், கோட்டையின் பழைய களஞ்சியச் சுவர் கொஞ்சம் தெரிந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். கோட்டை சர்க்கார் சொத்து, அனுமதியில்லாமல் படம் பிடித்தது குற்றம், விசாரணை முடிகிற வரையில் கேமரா தன் ஆபீசில் இருக்கும் என்றார். முன்பு ஒருநாள் அதே சுவருக்கு முன்னால் ஒரு காலை முன்வைத்து நின்று, அதே கேமராவில் அவரும் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதற்கு அனுமதி யாரிடம் வாங்கினார் என்று தெரியவில்லை. சேவகன் கேமராவைத் தோலுறையோடு எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன். உன்னை ஆபீசுக்கு வரச்சொல்லி நாள்பூராவும் வாசலில் நிற்கவைப்பான், அதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. எனக்கு அது தெரியும். ஆனாலும் எடுத்தவள் நான், பறிபோனது என்னுடையது, அதில் மாட்டிக்கொள்கிற உரிமையும் என்னுடையதுதானே? இப்போது அந்த ஆட்டுப் படமும் அவருடையதாகிவிட்டது.

சங்கம் பிறந்தது இப்படித்தான். இந்தக் கேமரா பறிபோன செய்தி பஸ்ஸோடு போய்ச் சுற்றுப்பட்ட ஊர்களில் பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவர்களை எல்லாம் கிளப்பிவிட்டது. இன்றைக்கு செஞ்சி, நாளைக்கு நம் ஊர் என்று அவர்களுக்கும் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பூசையிலிருந்து வந்தபோது, எங்கள் ஸ்டுடியோ நிறைந்திருந்தது. திண்டிவனத்துக்காரர்தான் மூத்தவர், கதர் ஜிப்பா, கனத்த குரல். விழுப்புரத்துக்காரர் ரயில் கவிழ்ந்த படங்களில் பேர் வாங்கியவர். திருவண்ணாமலையிலிருந்து இரண்டு பேர். கார்த்திகை தீபத்தை யார் நன்றாக எடுத்தது என்பதில் தகராறாகி, ஒருவரோடு ஒருவர் பேச்சு வார்த்தை இல்லை. இவர்களோடு என் வீட்டுக்காரர்.

போட்டோக்காரர்கள் கூட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். அன்னப்பறவையும் அரண்மனைப் படிக்கட்டும் வரைந்த எங்கள் திரைக்கு முன்னால், கல்யாண ஜோடிகளை உட்காரவைக்கிற நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கண்ணாடி ஓட்டு வெளிச்சம் தன் முகத்தில் வாகாக விழும்படி வைத்துக்கொண்டார்கள். பேச்சு முடிவதற்குள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் யார் என்பதில் சிக்கல் இல்லை. திண்டிவனத்துக்காரர் சிங்கக்கால் நாற்காலியில் முதலிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார். பிளேட்டும் பேப்பரும் கிடைக்காத காலம், இருக்கிறவர் இல்லாதவருக்குக் கொடுத்து உதவ வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் கேமராவை எப்படி மீட்பது என்று யாருக்கும் பிடிபடவில்லை. மகஜர் கொடுக்கலாம் என்றார் ஒருவர். மேலே எழுதிப்போடலாம் என்றார் இன்னொருவர். நான் காபித் தட்டோடு இருட்டறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியவில்லை.

"அந்த ஆளுக்கு எது புடிக்கும்? தன் மூஞ்சி பேப்பர்ல வர்றது. அவன் மாலையும் கையுமா நிக்கிற அன்னிக்கு எல்லாரும் கேமராவத் தரையில வச்சிட்டு சும்மா நில்லுங்க" என்றேன்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உறுப்பினர் ஒருவரின் கருவி பறிக்கப்படுமாயின் ஏனைய உறுப்பினர் அனைவரும் தத்தம் கருவிகளை நிலத்தில் வைத்து ஒத்துழையாமை காட்டுவது என்று, நான் சொன்னதையே நல்ல தமிழில் தான் சொன்னதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார்.

தட்டை வைத்துவிட்டு, என்னையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தலைவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். பத்திரிகையில் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உறுப்பினர், எல்லாச் சங்கத்துக்கும் ஒரு வரம்பு உண்டு என்றார். அந்தப் பெயரில் போன படங்கள் என்னுடையவை, ஆட்டுப் படமே என்னுடையது என்றேன். அவர் முகம் மாறியது. "தங்கச்சி, இத வெளிய சொல்லிடாத. உங்க வீட்டுக்காரர் எடுத்தாருன்னுதான் அதிகாரி ஆபீஸ்ல எழுதி வச்சிருக்காங்க. இப்ப நீ எடுத்தன்னு சொன்னா நம்ம பக்கம் எல்லாமே பொய்யின்னு ஆயிடும்" என்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

என்னைக் காப்பாற்றச் சொன்ன ஒரு பொய், என்னை வெளியே நிறுத்துகிற சுவராகிவிட்டது. யோசனை என்னுடையது, படம் என்னுடையது, கேமரா என்னுடையது. சங்கம் மட்டும் அவர்களுடையது. அன்றைக்கு அவர்களுக்கு இரண்டாவது காபி கிடையாது என்று முடிவு செய்து உள்ளே போய்விட்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்று அப்போது தெரியவில்லை.

தை மாதத்தில் சந்தர்ப்பம் வந்தது. பட்டணத்திலிருந்து ஒரு பெரிய மனிதர், கோட்டையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு முன்னால் வரவேற்புப் பந்தல். மாலை போடப்போவது நம் அதிகாரிதான். பத்திரிகைப் படக்காரர்கள் எல்லோரும் அவசியம் வர வேண்டும் என்று அவரே ஆள் அனுப்பியிருந்தார். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? மறுபடி எங்கள் ஸ்டுடியோவில் கூடினார்கள். யார் எங்கே நிற்பது, யார் முதலில் கேமராவை வைப்பது என்று எல்லாம் பேசி முடித்து, கிளம்பப் போகிற நேரத்தில் விழுப்புரத்துக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். எல்லோருடைய கேமராவும் தரையில் இருந்தால், கேமராக்கள் தரையில் இருப்பதை யார் படம் எடுப்பது?

இந்தத் தவற்றைப் போட்டோக்காரர்களால் மட்டும்தான் செய்ய முடியும். படம் வராத காரியம் நடந்த காரியமே இல்லை என்று நம்புகிறவர்கள் அவர்கள். நான்கூட அப்படித்தான். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது ஒருவர் மட்டும் எடுக்கலாம் என்றால், அந்த ஒருவர் யார் என்பதில் திருவண்ணாமலைக்காரர்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போதுதான் தலைவர் இருட்டறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, நீதான் மெம்பர் இல்லியே" என்றார்.

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நல்ல வழி கிடைத்த சந்தோஷத்தில் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு சரி என்றேன். என் கேமரா அந்த ஆபீஸ் அலமாரியில் கிடந்தது. அது திரும்பி வர வேண்டும்.

அன்றைக்கு ஸ்டுடியோவின் பெரிய ஸ்டாண்டு கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வெயில் நல்ல வெயில். பந்தலில் மாவிலைத் தோரணம், மேளம், பழத்தட்டுகள். சுவர்மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பழத்தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. சேவகன் கம்பை வைத்துக்கொண்டு அவற்றை முறைத்துக்கொண்டிருந்தான். பந்தலுக்கு எதிரே, எல்லாம் படத்தில் விழுகிற தூரத்தில் கேமராவை நிறுத்தினேன். சங்கத்துக்காரர்கள் முன்னால் நின்றார்கள். கேமரா இல்லாத என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு அவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்.

பெரிய மனிதர் வந்தார். அதிகாரி ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு போனார். மாலையைக் கழுத்துக்கு மேலே பிடித்தபடி, போடாமல், முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி நின்றார். படம் எடுக்கப்படும்போது எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தலைவர் ஓர் அடி முன்னால் போய், குனிந்து, தன் கேமராவைத் தரையில் வைத்தார். அடுத்து விழுப்புரத்துக்காரர். அடுத்து மற்றவர்கள். வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதிகாரி சிரித்த முகத்தை மாற்றாமல் காத்துக்கொண்டிருந்தார். மேளம் நின்றது. கருப்புத் துணிக்குள் இருந்த எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. தரையும் கேமராக்களும் மேலே, அதிகாரியின் தலைப்பாகை கீழே. தலையை வெளியே எடுத்து, லென்ஸை மூடி, பிளேட்டைச் செருகினேன். லென்ஸ் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் குரங்கு இறங்கியது. பழத்தட்டை எல்லோரும் காவல் காத்தார்கள். தலைப்பாகையை யாரும் காக்கவில்லை. பந்தல் காலைப் பிடித்து இறங்கி, அதிகாரியின் தோளில் ஒரு கால் வைத்து, தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு, சுவர் மேலே போய் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்து, நிதானமாக அதைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டது. கீழே அதிகாரி, முடியில்லாத தலையோடு, மாலையை இன்னும் கையில் பிடித்தபடி, குரங்கை அண்ணாந்து பார்த்து நின்றார். பக்கத்தில் சேவகன் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தான். குரங்கு அசையவில்லை. அதற்கும் படத்துக்கு நிற்கத் தெரிந்திருந்தது.

சங்கம் ஆடிப்போய்விட்டது. விழுப்புரத்துக்காரர் குனிந்து கேமராவைத் தொட்டுவிட்டுச் சூடு பட்டதுபோல் கையை எடுத்தார். திருவண்ணாமலைக்காரர்கள் இருவரும் வருஷக்கணக்கான பகையை மறந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் திரும்பி என்னிடம் ஓடியே வந்துவிட்டார். "தங்கச்சி, எடு. எங்களுக்குத்தான் கட்டுப்பாடு, உனக்கு ஒன்னும் இல்ல. எடும்மா, போயிடப் போவுது" என்றார். மற்றவர்களும் எடு, எடு என்று கெஞ்சினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் குரங்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசை இல்லாமல் இல்லை. மூடியைக் கழற்றி மாட்டினால் போதும். நெல்லை முளைக்கவிட்டவன், என் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவன், குரங்குக்கு முன்னால் மொட்டைத்தலையோடு நிற்கிறான். நாடு முழுவதும் சிரிக்கும். ஆயுசுக்கும் ஒரு படம் போதும் என்று சொல்வார்களே, அது இதுதான். ஆனால் எடுத்தால், நான் மெம்பர் இல்லை என்பதால் எடுத்ததாக ஆகும். அவர்கள் எனக்குப் போட்ட சுவரை நானே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதாக ஆகும். அந்தப் படத்தின் முதுகிலும் அவர் பெயரைத்தான் எழுதி அனுப்ப வேண்டும்.

மூடியிலிருந்து கையை எடுத்தேன். ஸ்டாண்டின் திருகைக் கழற்றினேன். அந்தப் பெட்டி கனம். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முன்னால் போய், வரிசையில் கடைசியாக, என் வீட்டுக்காரரின் காலடியில், ஒரு கேமரா இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

"சங்கத்துக் கேமரா எல்லாம் தரையில இருக்குது. என்னுதும் தரையிலதான்" என்றேன்.

அதற்குள் குரங்கு சலித்துப்போய்த் தலைப்பாகையை உதறிவிட்டுப் போய்விட்டது. உலகத்தில் யாரும் எடுக்காத படம் அது. விழுப்புரத்துக்காரர் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்தார். ஏன் எல்லாக் கேமராவும் கீழே இருக்கிறது என்று கேட்டார். தலைவர் மனப்பாடம் செய்து வந்திருந்த பேச்சைத் தொடங்கினார். அவர் பாதியில் இருக்கும்போதே என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். வெயிலில் நின்றதில் இளைப்பு அதிகமாகியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கினார்.

"அந்த நெல்லு மூட்டைப் படம் எடுத்தது இவங்கதாங்க. நான் எடுத்தேன்னு சொன்னது பொய். இங்கிருந்து போன படமெல்லாம் இவங்க எடுத்ததுங்க. ஆபீஸ்ல இருக்கிற கேமராவும் இவங்களுது."

அத்தனை பேர் முன்னால் அவர் என்னை 'இவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்கும் காட்டக் கூடாது என்று கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெல் மூட்டை என்றதும் பெரிய மனிதருக்கு நினைவு வந்துவிட்டது. ஆட்டுப் படத்தை அவரும் பார்த்திருந்தார். அதிகாரி விசாரணை நடப்பதாக என்னவோ சொன்னார். தலைப்பாகை இல்லாமல் அவர் குரல்கூடச் சின்னதாகிவிட்டிருந்தது. கேமராவைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார் பெரிய மனிதர். அவருக்கு நியாயம் முக்கியமா, மறுநாள் பேப்பரில் தன் படம் வருவது முக்கியமா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு வேண்டியது கேமரா.

சேவகன் சைக்கிளில் போய்க் கொண்டுவந்தான். யாரிடம் கொடுப்பது என்று வரிசையைப் பார்த்து விழித்தான். தலைவர் என்னைக் காட்டி, "அந்தம்மா கையில குடுப்பா" என்றார். துருத்தியின் ஒரு மூலையைக் கரப்பான் அரித்திருந்தது. லென்ஸில் யாருடைய விரல் ரேகையோ. முந்தானையால் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பிறகு எல்லோரும் கேமராக்களை எடுத்துக்கொண்டார்கள். பெரிய மனிதர் மாலை போட்டுக்கொண்டு சிரித்தார், எடுத்தோம். அதிகாரியும் தலைப்பாகையைத் தட்டிக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். அவரையும் சேர்த்துத்தான் எடுத்தேன். ஆளை வெட்டி எடுக்கிற பழக்கம் எனக்கில்லை.

கூட்டம் கலைந்த பிறகு தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சங்கம் ஜெயித்த நாள், எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கல்யாண மகால் பின்னால் வரும்படி வரிசையாக நின்றார்கள். பழக்கதோஷத்தில் வெளிச்சம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லோரும் சரியாக நின்ற பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"எடு தங்கச்சி" என்றார் தலைவர்.

நான் அசையவில்லை. "நான் எடுத்தா, நான் எங்க இருப்பேன்ணே?" என்று கேட்டேன்.

பத்திரிகையில் பதிவான பெயர், எல்லாச் சங்கத்துக்கும் உள்ள வரம்பு, எல்லாம் தலைவர் முகத்தில் வந்து போயின. பிறகு விழுப்புரத்துக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் உண்டானது. நான் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றாமலே போய் நின்றேன். தலைவரின் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, பந்தலைக் கூட்டிக்கொண்டிருந்த அந்தச் சேவகனைக் கூப்பிட்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தோம். என் கேமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன அதே ஆள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமராவோடு சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினான்.

கழுவிப் பார்த்தபோது படம் கோணலாக வந்திருந்தது. தலைவருக்கு நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை. விழுப்புரத்துக்காரர் பாதிதான் இருந்தார். திருவண்ணாமலைக்காரர்களில் ஒருவர் கண்ணை மூடியிருந்தார். என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார். நடுவில் நான் மட்டும் முழுசாக இருந்தேன். கழுத்தில் சங்கிலி இல்லை, கேமரா. இன்னொரு நாள் வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்லி அனுப்பினார். முடியாது என்று பதில் சொல்லிவிட்டு, அதையே பிரதி போட்டு எல்லோருக்கும் பஸ்ஸில் அனுப்பினேன். அனுப்பும் முன், ஒவ்வொரு பிரதியின் முதுகிலும் உறுப்பினர் பெயர்களை நின்ற வரிசைப்படி எழுதினேன். நடுவில், என் கையெழுத்தில், என் பெயர்.